மிஸ்டர் ரோஜர்ஸின் வரவேற்பறை: பிட்ஸ்பர்க் ஹைன்ஸ் ஹிஸ்டரி சென்டர், நாலாவது மாடி

அமெரிக்கக் குழந்தைகளின் டிவி நிகழ்ச்சி ஒன்றை நடத்திய மிஸ்டர் ரோஜர்ஸின் செட்டைப் பார்க்க இந்த மியூசியத்துக்குப் போகலாமா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். டிக்கெட் காசு வீண் போகாது. ஆனால் நேராகப் போய் லிஃப்ட் ஏறி நாலாவது மாடியில் இறங்கினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதிக்கு, கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அது என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இதை எழுதுவது முக்கியமாக, பெருமாள் கோயிலுக்காக பிட்ஸ்பர்க் வருகிற நம் ஆட்களுக்கு. நியூ ஜெர்சி, ஒஹாயோ, மேரிலாந்து என்று மணிக்கணக்கில் காரோட்டி பென் ஹில்ஸ் வந்து, தரிசனம் முடித்து, கேன்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். சின்னக் குழந்தை இருக்கிற குடும்பமாக இருந்தால் நகரத்துக்குள்ளும் ஒரு நடை போய்வாருங்கள். கோயிலிலிருந்து சுமார் அரை மணி நேரம்தான்.

ஹைன்ஸ் ஹிஸ்டரி சென்டர் இருப்பது ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட்டில், ஸ்மால்மன் தெருவில். 1898இல் ஒரு ஐஸ் கம்பெனி கட்டிய செங்கல் கிடங்கு அது. இப்போது ஆறு மாடி மியூசியம். கீழ்த்தளத்தில் 1949 மாடல் டிராம் வண்டி ஒன்று நிற்கும். பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான். கெட்ச்அப் கம்பெனி வரலாறு, அமெரிக்கக் கால்பந்து வரலாறு எல்லாம் இருக்கின்றன. அவற்றை எழுத வேறு ஆள் இருப்பார்கள். நான் எழுத வந்தது நாலாவது மாடியில் இருக்கிற ஒரு வீட்டைப் பற்றி.

நான் இங்கே ஒரு டேகேரில் உதவி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை பார்க்கிறவர்கள் எதற்கெடுத்தாலும் 'மிஸ்டர் ரோஜர்ஸ் என்ன செய்திருப்பார்' என்பார்கள். ஏதோ பழைய ஹெட்மாஸ்டர் போல என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் டிவிக்காரர், இந்த ஊர்க்காரர், இறந்து பல வருஷம் ஆகிவிட்டது என்று.

ஃப்ரெட் ரோஜர்ஸ். 1928இல் இங்கிருந்து கிழக்கே லட்ரோப் என்கிற சிற்றூரில் பிறந்தவர். பிட்ஸ்பர்க்கின் டபிள்யூ.க்யூ.இ.டி. டிவி நிலையம் 1954இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோதே அங்கே பொம்மைகளுக்குப் பின்னால் நின்றவர். நடுவில் இறையியலும் படித்து 1963இல் பிரெஸ்பிட்டேரியன் பாதிரியாரானார். ஆனால் அவர் பிரசங்கம் செய்த இடம் டிவி ஸ்டூடியோதான். அதிலும் சாமி பேச்சு கிடையாது. அவருடைய குழந்தைகள் நிகழ்ச்சியான 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது 1968 பிப்ரவரியில். கடைசிப் புது எபிசோட் 2001 ஆகஸ்ட் 31. வயிற்றுப் புற்றுநோயில் 2003 பிப்ரவரி 27 அன்று போனார். வயது 74. அந்த வருஷப் புத்தாண்டு அன்றுகூட கலிஃபோர்னியாவில் ரோஸ் பரேடுக்கு வந்து கை அசைத்துக்கொண்டிருந்தவர்.

நாலாவது மாடியில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு எபிசோடிலும் அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற அந்த வாசலும் வரவேற்பறையும், ஸ்டூடியோவில் இருந்த அசல் செட். ஸ்வெட்டர் போட்ட அவரது முழு உருவ பொம்மை ஒன்று. 'ஸ்பீடி டெலிவரி' தபால்காரர் மெக்ஃபீலியின் மூன்று சக்கர சைக்கிள். நிகழ்ச்சியின் கற்பனை ஊரை ஆளுகிற பொம்மை மன்னர், பதின்மூன்றாம் ஃப்ரைடேயின் கோட்டை. எக்ஸ் என்கிற ஆந்தையும் ஹென்ரியேட்டா என்கிற பூனையும் குடியிருந்த ஓக் மரம். அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பத்து நிமிஷத்தில் நகர்வதில்லை. ஐம்பது அறுபது வயது ஆட்கள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார்கள். பேரப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

என்னோடு வந்தது ஐந்து வயது மகளும், திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த மாமியாரும். அத்தை அந்த மனிதரைப் பார்த்தது மொத்தம் ஒரே ஒரு எபிசோட், அதுவும் பேத்தியோடு சேர்ந்து. ஆனாலும் அறை முன்னால் நின்றதும் அவர்தான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"வீட்டுக்குள்ள வந்ததும் செருப்பக் கழட்டுறாரு பாரு. நம்மாளு மாதிரி."

"கழட்டிட்டு வேற ஷூ மாட்டிக்கிறாரே அத்தை."

"அது குளிருக்கு."

குளிருக்கு இல்லை. ஐம்பதுகளில் நேரலை நிகழ்ச்சியில் பொம்மைகளை ஆட்ட செட்டுக்குப் பின்னால் அங்கும் இங்கும் ஓட வேண்டியிருக்கும். தோல் ஷூ சத்தம் போடும், மைக்கில் விழும். அதனால் கேன்வாஸ் ஷூ. அதுவே பழக்கமாகி, பிறகு சடங்காகி, கடைசியில் ஊருக்கே அடையாளமாகிவிட்டது. அத்தையிடம் சொன்னேன். "சரி, சத்தம் வராம நடக்கிறதும் மரியாதைதான்" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ஸ்வெட்டர்கள் அவருடைய அம்மா கையால் பின்னியவை. அதில் சிவப்பு ஒன்று 1984லேயே வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போய்விட்டது. அவர் சைவம், எழுபதுகளிலிருந்தே மாமிசம் தொட்டதில்லை என்றதும் அத்தைக்கு அவர் மேல் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. தினமும் காலையில் நீச்சல், சிகரெட் இல்லை, குடி இல்லை. "இப்படி ஒரு ஆளுக்குப் போய்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டி நிறுத்திக்கொண்டார்.

கோட்டைக்கு வருகிறேன். கிட்டே போய்ப் பார்த்தால் பலகையும் பெயின்ட்டும். ஆடம்பரமே இல்லை. அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரே மனிதர், கையில் மாற்றி மாற்றி மன்னர், ராணி, ஆந்தை, பூனை, பயந்த புலிக்குட்டி என்று அத்தனை பேருக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மன்னருக்கு ஏன் அந்தப் பெயர்? வெள்ளிக்கிழமையும் 13ஆம் தேதியும் சேர்ந்து வந்தால் ஆகாது என்பது இந்த ஊர் நம்பிக்கை. குழந்தைகள் அந்த நாளைக் கண்டு பயப்படக் கூடாது, அது மன்னரின் பிறந்தநாள் என்று கொண்டாடட்டும் என்று வைத்தாராம். ராணி சாரா என்பது அவர் மனைவி பெயரிலிருந்து எடுத்தது. தபால்காரர் மெக்ஃபீலி, தாய்வழித் தாத்தாவின் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் சட்டென்று பிடித்துப்போகும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. டிவியில் வரவேற்பறை ஓர் உலகம், கோட்டை இன்னோர் உலகம். நடுவில் சிவப்பு டிராலி ஒன்று சுரங்கத்துக்குள் நுழைந்து போய்த்தான் அந்தப் பக்கம் வெளிவரும். அவர் ஒருநாளும் தன் உருவத்தோடு கற்பனை ஊருக்குள் கால் வைக்கவே மாட்டார். இது சும்மா கதை வசதிக்காகச் செய்ததில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த குழந்தை உளவியலாளர் மார்கரெட் மெக்ஃபார்லண்டிடம் வாராவாரம் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் பேசுவார். எது நிஜம், எது பாவனை என்று குழந்தைக்குக் குழப்பம் வரக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். இங்கே மியூசியத்தில் இரண்டு உலகமும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. வரவேற்பறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் கோட்டை வந்துவிடுகிறது. இடப் பிரச்சினை, புரிகிறது. ஆனாலும் பிள்ளைகள் குனிந்து நுழைந்து வருகிற மாதிரி நடுவில் ஓர் இருட்டுப் பாதை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! என் மகள் அங்கே நின்று கேட்ட முதல் கேள்வியே "இது நிஜ வீடா, பாவ்லா வீடா?" என்பதுதான். நிஜமான பாவ்லா வீடு என்றேன். ஒப்புக்கொண்டாள்.

அந்த அறைக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1969இல் ஒரு எபிசோட். வெயில் நாள். வீட்டு முன்னால் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ரோஜர்ஸ் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரோந்து வருகிற ஆபீசர் கிளெமன்ஸை நீயும் வா என்கிறார். ஃபிரான்சுவா கிளெமன்ஸ் கறுப்பினப் பாடகர். பொது நீச்சல் குளத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து இறங்குவதே சண்டையாக இருந்த காலம். நாலு கால்கள், ஒரே தண்ணீர், துடைக்க ஒரே துண்டு. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. இரட்டைக் குவளை இருந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. அத்தைக்குத் தேவைப்படவில்லை. "துண்டையுமா குடுத்தாரு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்த அரை மணி நேர விஷயம்.

எபிசோட் எண் 1101, 1970இல் வந்தது. வழக்கம்போல மீன்தொட்டிக்கு உணவு போட வருகிறார். தொட்டியின் அடியில் ஒரு மீன் அசையாமல் கிடக்கிறது. அதை வலையால் எடுத்து, உப்புப் போட்ட தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார், பிழைக்குமா என்று. பிழைக்கவில்லை. காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய், தோட்டத்தில் சின்னக் குழி தோண்டிப் புதைக்கிறார். இசை கூட்டவில்லை, வேகமாக வெட்டி அடுத்த காட்சிக்குப் போகவுமில்லை. மண்ணைத் தள்ளி மூடுகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் அது ஓடுகிறது. பிறகு தன் சிறுவயதில் மிட்ஸி என்று ஒரு நாய் இருந்ததையும், அது செத்தபோது தான் அழுததையும், அழுகையைக் கேட்டுப் பாட்டி வந்து தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டதையும் சொல்கிறார். தூங்குகிறது என்றோ வெளியூர் போயிருக்கிறது என்றோ சொல்லாமல் செத்துப்போச்சு என்றே சொல்கிறார்.

போன வருஷம் என் மாமனார் திண்டுக்கல்லில் தவறிவிட்டார். என் கணவர் மட்டும் ஓடினார். மகளும் நானும் இங்கே. ஃபோனில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு சித்தி 'தாத்தா ஸ்டார் ஆயிட்டாங்க' என்றார். ஒரு பெரியப்பா 'சாமிகிட்ட போயிருக்காங்க'. இன்னொருவர் 'தாத்தா ஊருக்குப் போயிருக்காங்கடா செல்லம்'. ஊருக்கு என்றால் எந்த ஃப்ளைட்டில் திரும்பி வருவார் என்று மகள் கேட்க ஆரம்பித்தாள். டேகேரில் இதற்கென்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்ததே இந்த எபிசோட்தான். மடியில் வைத்துக்கொண்டு போட்டேன்.

முடிந்ததும் கேட்டாள்: "தாத்தாவுக்கும் உப்புத் தண்ணி குடுத்தாங்களா?"

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள், அதுவும் ஒருவிதத்தில் உப்புத் தண்ணிதான் என்றேன்.

"அப்பவும் செத்துட்டாங்களா?"

"ஆமாடா, அப்பவும் செத்துட்டாங்க."

அதற்குப் பிறகு ஃப்ளைட் பேச்சு வரவில்லை. அழுகை வந்தது, அது வேறு.

அத்தை இந்தக் கோடையில் வந்தபோது மகளே அதைப் போட்டுக் காட்டினாள். நான் சமையலறையில் இருந்தேன். மீனைப் புதைக்கிற இடத்தில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு மகள் புகார் சொன்னாள். அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாததால் அவளே மொழிபெயர்த்துச் சொன்னாளாம்.

இதையெல்லாம் ஒரு மியூசிய விமர்சனத்தில் ஏன் எழுதுகிறேன் என்றால், நாலாவது மாடியில் இருக்கிற அந்த அறை, இது தெரியாத கண்ணுக்கு வெறும் பழைய ஃபர்னிச்சர். எந்த மியூசியமும் நாற்காலியைக் காப்பாற்றலாம், சைக்கிளைத் துடைத்து வைக்கலாம். அந்த மனிதரின் மெதுவைக் காட்சிக்கு வைக்க வழியில்லை. ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று காட்ட முட்டை வேகவைக்கிற டைமரைத் திருகி வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் அந்த நிமிஷம் முழுக்கக் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். 1997இல் டிவி விருது மேடையில்கூட, உங்களை நேசித்து ஆளாக்கியவர்களைப் பத்து வினாடி நினையுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் மணி பார்த்துக்கொள்கிறேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தவர். கூடத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து வினாடியைக் கண்ணாடிப் பெட்டியில் எப்படி வைப்பது?

அவர் இறந்த செய்தி வந்தபோது அவருடைய நிறுவனமே பெற்றோருக்கு ஒரு குறிப்பு வெளியிட்டது. குழந்தைகளுக்கு அவர் என்றைக்கும் டிவி நண்பர்தான். அவர் இறந்ததால் அந்த உறவு மாறிவிடாது என்பது அதன் சாரம். நியாயம்தான். மறு ஒளிபரப்பு தொடர்ந்துகொண்டிருந்தது. காலையில் செய்தியில் இறந்தவர் அதே நாள் டிவியில் கதவைத் திறந்துகொண்டு வந்து ஸ்வெட்டர் மாட்டுகிறார். என்னோடு வேலை பார்க்கிற மூத்த ஆசிரியை அன்றைக்கும் வகுப்பில் இருந்தவர். பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றை இன்னும் சொல்வார்: "இனிமே மீனுக்கு யார் சாப்பாடு போடுவாங்க?" அது வேடிக்கையான கேள்வி இல்லை. மீனுக்கு உணவு போடும்போதெல்லாம் அவர் அதை வாய்விட்டுச் சொல்வதே, பார்வையில்லாத ஒரு சிறுமி எழுதிய கடிதத்துக்குப் பிறகு வந்த பழக்கம். நீங்கள் சொல்லாவிட்டால் மீன் பட்டினி கிடக்கிறதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாளாம்.

2003 மே மாதம் ஹைன்ஸ் ஹாலில் பொது அஞ்சலிக் கூட்டம் நடந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் சிலர் குழம்புகிறார்கள். அது இசை அரங்கு, இந்த மியூசியம் இல்லை.

யாருக்குச் சரிவராது? மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு. தொட்டுப் பார்க்கவும் ஏறி உட்காரவும் அந்த அறை விடாது, அழுகைதான் மிஞ்சும். 'டேனியல் டைகர்' கார்ட்டூன் மட்டும் பார்த்த பிள்ளைகள் பரவாயில்லை. 2012இல் வந்த அந்தக் கார்ட்டூன், ரோஜர்ஸின் பழைய பொம்மைப் புலியின் மகனைப் பற்றியதுதான். சிவப்பு ஸ்வெட்டரைப் பார்த்ததுமே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நம் ஊரிலிருந்து வருகிற பெரியவர்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம். உட்காரப் பெஞ்சு தேடிக்கொள்ளுங்கள், கால் கடுக்கும்.

சில நடைமுறைகள். சனிக்கிழமை காலை ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட்டில் காய்கறி, மீன், பிஸ்கட் என்று ஊரே இறங்கியிருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். ஞாயிறு காலை கொஞ்சம் மூச்சு விடலாம். 1101ஐ முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ தளத்தில் சில எபிசோடுகள் இலவசமாக இருக்கும். இது அங்கே இல்லையென்றால் ஊர் நூலகத்தில் டிவிடி கேட்டுப் பாருங்கள். மீன் எபிசோட் என்றாலே லைப்ரரியனுக்குப் புரியும்.

மியூசியம் முடிந்ததும் ஆற்றைக் கடந்து நார்த் ஷோருக்குப் போங்கள். பழைய மான்செஸ்டர் பாலத்தின் மிஞ்சிய தூண் ஒன்றின் கீழே அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. 2009இல் வைத்தது, கிட்டத்தட்ட 11 அடி, எடை சுமார் 7,000 பவுண்டு. உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். மியூசியத்தில் தொட முடியாத பிள்ளைகள் இங்கே முழங்கால் வரைக்கும் ஏறலாம், யாரும் திட்ட மாட்டார்கள். டிக்கெட் கிடையாது. ஆற்றுக் காற்று மட்டும் பலமாக இருக்கும், ஜூன் மாதத்திலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அத்தை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: "இம்புட்டு நேரமாவா ஒரு லேஸைக் கட்டுவாரு? நம்ம வீட்ல இவர வச்சுக்கிட்டு பள்ளிக்கூட வேனைப் பிடிக்க முடியாது."